சரக்கு எந்தத் தேதியில் தீரும்? மாஹிம் மெழுகுவர்த்தியும் மும்பை ஏரியும் சொல்லும் கணக்கு

மும்பை மாஹிமில் புதன்கிழமை என்றால் தனிக்கூட்டம். புனித மைக்கேல் ஆலயத்தில் அன்று இடைவிடா சகாய மாதா நவநாள். ஜெபம் அடுத்தடுத்து நடக்கும். கிறிஸ்தவர்கள் மட்டும் அல்ல, எல்லா மதத்தவரும் வருவார்கள். வாசலில் மெழுகுவர்த்திக் கடைகள் வரிசையாக இருக்கும். மெழுகில் செய்த வீடு, கை, கால் போன்ற உருவங்களும் அங்கே விற்கும்.

அந்த வாசலில் கடை போடும் ஒரு வியாபாரியை நினைத்துப் பாருங்கள். வியாழக்கிழமை மெழுகுவர்த்தி தீர்ந்தால் நஷ்டம் கொஞ்சம்தான். புதன்கிழமை பகல் 12 மணிக்குத் தீர்ந்தால்? கூட்டம் கண்ணெதிரே நிற்கும். கல்லாவில் காசு விழாது. வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அடுத்த வாரமும் அங்கேயே போவார்.

"சரக்கு எத்தனை இருக்கிறது?" என்று கேட்டால் எல்லாக் கடைக்காரரும் பதில் சொல்வார்கள். "அது எந்தத் தேதியில் தீரும்?" என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். மளிகைக் கடை, மருந்துக்கடை, தாராவித் தோல் பட்டறை, கம்பெனி குடோன் எல்லாவற்றிலும் இதே கதைதான். மும்பை மாநகராட்சிகூட ஏழு ஏரிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோடையிலும் இதே கேள்வியைத்தான் கேட்டுக் கொள்கிறது.

இந்தத் தேதியைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. இன்று அதைக் கம்ப்யூட்டர் நொடியில் போட்டுத் தருகிறது. ஆனால் கணக்கின் சூட்சுமம் தெரியாமல் கம்ப்யூட்டரைத் தட்டினால், தவறான தேதி நொடியில் வரும்!

வகுத்தால் போதுமா?

பெரும்பாலோர் செய்வது ஒரே ஒரு வகுத்தல். இருப்பை ஒரு நாள் விற்பனையால் வகுப்பார்கள். வருகிற விடையே மிச்சமுள்ள நாட்கள் என்பார்கள்.

மெழுகுவர்த்திக் கடையையே எடுத்துக் கொள்வோம். கணக்குக்காக ஒரு எண்ணிக்கை வைத்துக் கொள்வோம். புதன்கிழமை 260 பாக்கெட் விற்கிறது. ஞாயிறு 40. மற்ற ஐந்து நாளும் தினம் 20. ஆக வாரத்துக்கு 400 பாக்கெட். சராசரி பார்த்தால் நாளொன்றுக்கு 57.

கையில் இருப்பது 700 பாக்கெட். 700-ஐ 57-ஆல் வகுத்தால் 12 சொச்சம். "12 நாள் தாங்கும்" என்று வியாபாரி நிம்மதியாக இருப்பார்.

இப்போது நாள் நாளாகக் கழித்துப் பார்ப்போம். புதன்கிழமை காலையில் 700 பாக்கெட் இருந்தது என்று கொண்டால் நிலைமை இப்படிப் போகும்:

புதன்: விற்பனை 260, மீதி 440
வியாழன்: விற்பனை 20, மீதி 420
வெள்ளி: விற்பனை 20, மீதி 400
சனி: விற்பனை 20, மீதி 380
ஞாயிறு: விற்பனை 40, மீதி 340
திங்கள்: விற்பனை 20, மீதி 320
செவ்வாய்: விற்பனை 20, மீதி 300
அடுத்த புதன்: விற்பனை 260, மீதி 40
வியாழன்: விற்பனை 20, மீதி 20
வெள்ளி: விற்பனை 20, மீதி பூஜ்யம்

பத்தே நாளில் கடை காலி. வகுத்தல் சொன்னதோ 12 நாள்!

அதே 700 பாக்கெட் வியாழக்கிழமை காலையில் கையில் இருந்தால் கதை வேறு. அடுத்த செவ்வாய் இரவு 560 மீதி இருக்கும். புதன் முடிந்ததும் 300. அதற்கு அடுத்த செவ்வாய் இரவு 160. மறுநாள் புதன். அன்றைய தேவை 260. இருப்பதோ 160. பகலிலேயே தீர்ந்துவிடும். 100 பாக்கெட் வியாபாரம் போய்விடும். அது பதினான்காவது நாள்.

இருப்பு ஒன்றே. வாரச் சராசரியும் ஒன்றே. ஆனால் ஆரம்பித்த கிழமை மாறியதும் ஒரு முறை பத்து நாள், ஒரு முறை பதினான்கு நாள்! சராசரி சொன்ன 12 இரண்டு முறையும் தவறு.

தீரும் தேதி என்பது வகுத்துக் கிடைப்பது அல்ல, கழித்துக் கிடைப்பது. ஒவ்வொரு நாளின் தேவையும் என்ன என்று எழுதி, ஒவ்வொன்றாகக் கழித்து, மீதி எந்த நாளில் பூஜ்யத்தைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும்.

2024-ல் ஏரிகள் போட்ட கணக்கு

கடைக்கு 700 பாக்கெட் என்றால் மும்பைக்கு ஏழு ஏரிகள். மேல் வைதரணா, மத்திய வைதரணா, மோடக் சாகர், தான்சா, பாட்சா, விஹார், துள்சி. ஏழும் நிரம்பினால் பயன்படுத்தக்கூடிய நீர் 14,47,363 மில்லியன் லிட்டர். நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால் சுமார் 1,44,736 கோடி லிட்டர்.

மாநகராட்சி நாளொன்றுக்கு வழங்குவது சுமார் 385 கோடி லிட்டர். ஏரிகள் நிரம்பி இருக்கும்போது கவலை இல்லை. மே மாதத்தில்தான் எல்லோர் கண்ணும் ஏரி மட்டத்தின் மீது விழும்.

2024 மே 25-ந்தேதி ஏழு ஏரிகளிலும் சேர்த்து மிஞ்சியது 1,40,202 மில்லியன் லிட்டர். அதாவது சுமார் 14,020 கோடி லிட்டர். முழுக் கொள்ளளவில் 9.69 சதவீதம். முந்தைய ஆண்டு அக்டோபரில் மழை குறைந்ததும், வெயிலில் நீர் ஆவியானதும் காரணம்.

14,020-ஐ 385-ஆல் வகுத்தால் 36 நாள் சொச்சம். அதாவது ஜூன் 30-ந்தேதி ஏரி காலி என்று காகிதம் சொல்லும்.

மாநகராட்சி வெட்டு அறிவித்தது. மே 30-ந்தேதி முதல் 5 சதவீதம். ஜூன் 5-ந்தேதி முதல் 10 சதவீதம். தாராவியிலும் மாஹிமிலும் விடியற்காலையில் குழாயடியில் குடத்தோடு நிற்பவர்களுக்கு அந்த 10 சதவீதம் என்றால் என்ன என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த வெட்டினால் எத்தனை நாள் மிச்சம்? இங்கே ஒற்றை வகுத்தல் உதவாது. தேவை மூன்று விதமாக மாறுகிறது. நாள் நாளாகத்தான் கழிக்க வேண்டும்.

மே 25 முதல் 29 வரை ஐந்து நாள், தினம் 385 கோடி. மொத்தம் 1,925 கோடி. மே 30 முதல் ஜூன் 4 வரை ஆறு நாள், தினம் சுமார் 366 கோடி. மொத்தம் 2,196 கோடி. இரண்டையும் கழித்தால் மீதி 9,899 கோடி. ஜூன் 5 முதல் தினம் 346.5 கோடி. 28 நாள் முழுதாகத் தாங்கும். ஜூலை 3-ந்தேதி தீரும்.

ஆக, வெட்டினால் தேதி ஜூன் 30-லிருந்து ஜூலை 3-க்குப் போகிறது. மூன்று நாள்தான்!

"இதற்காகவா இத்தனை கஷ்டம்?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் மாநகராட்சியின் கையில் இன்னொரு கணக்கும் இருந்தது. பாட்சாவிலிருந்து 1,37,000 மில்லியன் லிட்டரும், மேல் வைதரணாவிலிருந்து 91,130 மில்லியன் லிட்டரும் எடுத்துக் கொள்ள மாநில அரசு அனுமதி தந்திருந்தது. இது ஆபத்துக்கு என்று வைத்திருக்கும் சேமிப்பு. இரண்டும் சேர்ந்து 22,813 கோடி லிட்டர்.

இதையும் இருப்போடு சேர்த்தால் வெட்டு இல்லாத தேதி ஆகஸ்ட் 28. வெட்டோடு பார்த்தால் செப்டம்பர் 7. இப்போது வெட்டின் பலன் பத்து நாள். இருப்பு பெரிதாக இருக்கும்போதே சிக்கனத்தைத் தொடங்கினால் பலன் பெரிது. அடி தட்டிய பிறகு சிக்கனம் பிடித்தால் மூன்று நாள்தான் மிஞ்சும். குடும்பச் செலவுக்கும் இது பொருந்தும்.

இந்தக் கணக்கில் ஆவியாகும் நீர் சேரவில்லை. கணக்குக்காகத் தினம் 30 கோடி லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக் கொண்டு, வெட்டும் சேமிப்பும் இல்லாமல் மறுபடி கழித்துப் பாருங்கள். ஜூன் 30 என்பது ஜூன் 27 ஆகிவிடும். ஆக, வெட்டினால் கிடைக்கும் மூன்று நாளை வெயிலே விழுங்கிவிடும்! கடைகளிலும் இப்படி ஆவியாகும் சரக்கு உண்டு. எலி தின்பது, உடைவது, காலாவதி ஆவது. இவை விற்பனைக் கணக்கில் வராது. இருப்பை மட்டும் குறைக்கும்.

மொத்தம் பார்த்தால் மோசம்

ஏரிக் கணக்கில் இன்னொரு பாடம் இருக்கிறது. ஏழு ஏரிகளில் பாட்சா ஒன்றே 7,17,037 மில்லியன் லிட்டர் கொள்ளும். கிட்டத்தட்ட பாதி. துள்சி வெறும் 8,046. துள்சி நிரம்பி வழிகிறது என்ற செய்தியைப் படித்து மகிழ்கிறோம். ஆனால் துள்சி நிரம்பினால் நகரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர்தான் ஆகும். பாட்சா பாதி குறைந்தால் மூன்று மாதம் போய்விடும்.

கடையிலும் இதே நிலைதான். குடோனில் இரண்டு லட்ச ரூபாய்ச் சரக்கு இருக்கும். ஆனால் அன்றைக்கு வேண்டிய சாமான் இருக்காது.

தாராவியில் இட்லி செய்து நகரமெங்கும் விற்கும் தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு அரிசி 200 கிலோ இருப்பு, தினம் 20 கிலோ செலவு என்று வைத்துக் கொள்வோம். பத்து நாள் வரும். உளுந்து 30 கிலோ இருப்பு, தினம் 5 கிலோ செலவு. ஆறு நாள்தான் வரும். அப்படியானால் இட்லி எத்தனை நாள் வரும்? ஆறு நாள்! உளுந்து தீர்ந்த பிறகு மூட்டையில் 80 கிலோ அரிசி இருந்தும் ஒரு இட்லிகூட வராது. எது முதலில் தீருகிறதோ அதன் தேதிதான் தொழிலின் தேதி.

ஆகவே ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியே தேதி பார்க்க வேண்டும். மொத்தக் கூட்டலில் பார்த்தால் ஏமாந்து போவோம்.

மாடுகள் மாஹிம் வந்த கதை

தண்ணீர் தீரும் தேதியைப் பற்றிய கவலை மும்பைக்குப் புதிது அல்ல. 1850-களின் நடுவில் மழை பொய்த்தது. பம்பாய்த் தீவில் கிணறுகளும் குளங்களும் வற்றின. மனிதர்களுக்கே நீர் போதவில்லை. ஊரில் இருந்த மாடுகளை மாஹிமுக்கு ஓட்டிப் போகும்படி ஆனது. அப்போது மாஹிம் ஊருக்கு வெளியே இருந்தது.

அந்தத் தவிப்பின் நடுவில்தான் விஹார் ஏரி வேலை நடந்தது. மித்தி ஆற்றின் தலைப்பகுதியில் அணை கட்டினார்கள். 1860-ல் வேலை முடிந்தது. பிறகு 1879-ல் துள்சி, 1892-ல் தான்சா என்று வரிசையாக வந்தன. கடைசியாக வந்தது மத்திய வைதரணா, 2014-ல்.

அன்றைக்கு எத்தனை நாள் தண்ணீர் இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. கிணற்றில் தரை தெரிந்த பிறகுதான் ஓடினார்கள். இன்றைக்கு ஒவ்வொரு ஏரியின் மட்டமும் தினமும் பத்திரிகையில் வருகிறது. தீரும் தேதி முன்கூட்டியே தெரிவதால்தான் ஒரு மாதம் முன்பே வெட்டு அறிவிக்க முடிகிறது. தேதி தெரிந்ததால் தண்ணீர் கூடிவிடாது. ஆனால் ஏற்பாடு செய்ய அவகாசம் கிடைக்கும்.

பேரேட்டிலிருந்து எக்செலுக்கு

முன்பெல்லாம் ஊரில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்துவிட்டு மாட்டுங்காவில் வந்து இறங்கிய குமாஸ்தாக்கள், இந்தக் கணக்கைச் சரக்குப் பேரேட்டில் கையால் போட்டார்கள். ஒரு நாள் விற்பனை மாறினால் கீழே இருக்கும் எல்லா வரிசையையும் அழித்து எழுத வேண்டும்.

இந்தத் தொல்லையைத் தீர்த்தது கம்ப்யூட்டர் கணக்கு அட்டவணை. 1979-ல் அமெரிக்காவில் டான் பிரிக்ளின், பாப் பிராங்ஸ்டன் இருவரும் 'விசிகால்க்' என்ற நிரலைக் கொண்டு வந்தார்கள். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாக் கட்டமும் தானாக மாறும். 1983-ல் 'லோட்டஸ் 1-2-3' வந்தது. 1985-ல் மைக்ரோசாப்ட் கம்பெனியின் 'எக்செல்' வந்தது. இன்று குமாஸ்தா வேலைக்கு எக்செல் தெரியாமல் முடியாது என்ற நிலை.

எக்செலில் தீரும் தேதி பார்க்க நான்கு பத்திகள் போதும்.

முதல் பத்தியில் தேதி. இன்றிலிருந்து தொடங்கி, ஒரு நாள் விடாமல் எழுத வேண்டும். இரண்டாம் பத்தியில் அன்று எதிர்பார்க்கும் விற்பனை. மூன்றாம் பத்தியில் இன்றிலிருந்து அந்த நாள் வரை உள்ள விற்பனையின் கூட்டுத்தொகை. நான்காம் பத்தியில் மீதி. அதாவது இன்றைய இருப்பிலிருந்து கூட்டுத்தொகையைக் கழித்தது.

நான்காம் பத்தியில் பூஜ்யமோ, அதற்குக் கீழோ வரும் முதல் வரிசையைப் பாருங்கள். அந்த வரிசையில் இருக்கும் தேதிதான் சரக்கு தீரும் தேதி. அதைத் தேடி எடுக்க எக்செலில் 'மினிஃப்ஸ்' என்ற சூத்திரம் இருக்கிறது. "மீதி பூஜ்யமோ அதற்குக் குறைவோ உள்ள தேதிகளில் மிகச் சிறியது எது?" என்று கேட்டால் சொல்லிவிடும்.

நடுவில் புதுச் சரக்கு வருகிறது என்றால் ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்த்து, வரும் நாளில் வரவைக் கூட்ட வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை. "லாரி கிளம்பிவிட்டது" என்று போனில் சொன்னதை எல்லாம் வரவில் எழுதக் கூடாது. வந்து இறங்கிய பிறகுதான் அது சரக்கு.

சாமான்கள் ஐந்நூறு, ஆயிரம் என்று போனால் 'பவர் பி.ஐ.' போன்ற கருவிகளைக் கம்பெனிகள் வைத்திருக்கின்றன. அங்கேயும் தத்துவம் இதேதான். தேதி அட்டவணை ஒன்று, இருப்பு அட்டவணை ஒன்று, எதிர்பார்க்கும் விற்பனை அட்டவணை ஒன்று. ஒவ்வொரு சாமானுக்கும், கூட்டுத்தொகை இருப்பை எட்டும் முதல் தேதியை எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். சூத்திரத்தின் உடை மாறும். உடம்பு மாறாது.

இடறி விழும் இடங்கள்

புதிதாக இந்தக் கணக்கைப் போடுபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு.

ஒன்று: திரையில் 1900-ம் ஆண்டுத் தேதி வரும். பயப்பட வேண்டாம். எழுதி வைத்த தேதிகளுக்குள் சரக்கு தீரவில்லை என்று அர்த்தம். அப்போது சூத்திரம் பூஜ்யம் என்று விடை சொல்லும். பூஜ்யத்தைத் தேதியாகக் காட்டச் சொன்னால் எக்செல் 1900 என்று காட்டும். தேதிப் பத்தியை இன்னும் சில மாதங்கள் நீட்டினால் சரியாகிவிடும்.

இரண்டு: விற்காத சரக்கை வகுக்கப் போனால் கணக்கு உதைக்கும். விற்பனை பூஜ்யமாக இருக்கும்போது பூஜ்யத்தால் வகுக்க முடியாது. அந்தச் சரக்குக்குத் தீரும் தேதியே கிடையாது. அதைக் கழித்துக் கட்ட வழி பார்க்க வேண்டும்.

மூன்று: இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். போன மாதம் பத்து நாள் உளுந்து இல்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். "அண்ணாச்சி, உளுந்து இருக்கா?" என்று கேட்டவர்களுக்கு எல்லாம் "நாளைக்கு வரும்" என்று பதில் சொல்லியாகிவிட்டது. அந்தப் பத்து நாளும் புத்தகத்தில் விற்பனை பூஜ்யம். கம்ப்யூட்டர் அதையும் சேர்த்துச் சராசரி போட்டு, "உளுந்துக்குத் தேவை குறைவு" என்று சொல்லும். அதை நம்பிக் குறைவாக வாங்கினால் இந்த மாதமும் தீர்ந்துவிடும். சரக்கு இல்லாத நாளில் விற்பனை பூஜ்யம். தேவை பூஜ்யம் அல்ல. அந்த நாட்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுத்தான் சராசரி பார்க்க வேண்டும்.

நான்கு: புத்தகத்தில் இருப்பது வேறு, குடோனில் இருப்பது வேறு. விற்பனைச் சீட்டு முதலில் ஏறி, கொள்முதல் சீட்டு பிறகு ஏறினால் இருப்பு மைனசில்கூட நிற்கும். மாதம் ஒரு முறையாவது கையால் எண்ணிச் சரிபார்க்காத கடையில் எந்தக் கருவியும் சரியான தேதி சொல்லாது.

ஐந்து: பண்டிகை. பொங்கல், விநாயகர் சதுர்த்தி, தீபாவளி, டிசம்பரில் நடக்கும் மாஹிம் தர்கா சந்தனக்கூடு எல்லாம் காலண்டரில் முன்பே தெரிந்தவை. போன மாதச் சராசரிக்கு இவை தெரியாது. கடைக்காரருக்குத் தெரியும். அவரிடம் கேட்டு எழுத வேண்டியது குமாஸ்தாவின் வேலை.

எப்போது ஆர்டர் போடுவது?

தீரும் தேதியைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். ஆர்டர் போடும் தேதிதான் மீதி.

மெழுகுவர்த்திக் கடைக்கே திரும்புவோம். வியாழக்கிழமை 700 பாக்கெட்டோடு தொடங்கிய கடை பதினான்காம் நாள் புதன்கிழமை தீரும் என்று பார்த்தோம். சொன்ன பிறகு சரக்கு வந்து சேர மூன்று நாள் ஆகும். மழை, ஹர்த்தால், லாரி கோளாறு என்று இரண்டு நாள் கூடுதலாக வைத்துக் கொள்வது நல்லது. ஆக ஐந்து நாள். புதனிலிருந்து ஐந்து நாள் பின்னால் போனால் வெள்ளிக்கிழமை.

அந்த வெள்ளிக்கிழமை இரவு கடையில் 260 பாக்கெட் இருக்கும். அலமாரி நிறைந்து தெரியும். "இவ்வளவு இருக்கிறதே, இப்போது எதற்கு ஆர்டர்?" என்று முதலாளி கேட்பார். கண்ணுக்கு 260 பாக்கெட் தெரியும். கணக்குக்குத்தான் புதன்கிழமை 100 பாக்கெட் பற்றாக்குறை தெரியும்.

சரி, பயந்துபோய் 3,000 பாக்கெட் வாங்கிப் போட்டுவிட்டால் என்ன? அதுவும் தவறு. சிறிய வியாபாரிகளில் பலர் வட்டிக்குப் பணம் வாங்கித்தான் சரக்கு எடுக்கிறார்கள். ஏழு வாரம் விற்க வேண்டிய சரக்கை இன்றே வாங்கினால் ஏழு வாரத்துக்கு வட்டி ஓடும். மாஹிம், தாராவி போன்ற இடங்களில் சாமான் வைக்க இடம் கிடைப்பதே அரிது. மழைக்காலத்தில் தரையில் தண்ணீர் புகுந்தால் முதலுக்கே மோசம். 2005 ஜூலை 26-ந்தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு கரை புரண்டது. அன்றைக்குக் குடோன் நிறையச் சரக்கு வைத்திருந்தவர்கள் பட்டபாட்டை மும்பைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

குறைவாக இருந்தால் வாடிக்கையாளர் போவார். அதிகமாக இருந்தால் வட்டி போகும். இரண்டுக்கும் நடுவில் வழி காட்டுவது அந்த ஒரு தேதிதான்.

குமாஸ்தாவின் மதிப்பு

இருப்பை எழுதி வைப்பவருக்குக் கம்பெனியில் ஒரு மதிப்பு. "ஐயா, இந்தச் சாமான் அடுத்த மாதம் 9-ந்தேதி தீரும். 2-ந்தேதிக்குள் ஆர்டர் போட வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்பவருக்கு வேறு மதிப்பு. முதலாமவர் நடந்ததை எழுதுகிறார். இரண்டாமவர் நடக்கப் போவதைச் சொல்கிறார். வேலைக்கு ஆள் குறைக்கும் காலத்தில் யாரை வைத்துக் கொள்வார்கள் என்பது சொல்லாமலே விளங்கும்.

இதற்குப் பெரிய பட்டம் தேவை இல்லை. கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும். செல்போனிலேயே கணக்கு அட்டவணை கிடைக்கிறது. ஒரே ஒரு சாமானை எடுத்து, இரண்டு வாரம் தினசரி விற்பனையை எழுதி, தீரும் தேதியைக் கணித்துப் பாருங்கள். சொன்ன தேதியில் தீர்ந்ததா என்று சரிபாருங்கள். இரண்டு நாள் தவறினால் ஏன் தவறியது என்று யோசியுங்கள். நான்கு முறை செய்தால் கை வந்துவிடும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. தீரும் தேதி கல்லில் எழுதியது அல்ல. இன்று போட்ட கணக்கு நாளை பழசு. நாளைக்கு இருப்பு மாறும், தேவை மாறும், தேதியும் மாறும். அதனால்தான் ஏரி மட்டத்தைத் தினமும் அளக்கிறார்கள்.

2024-லும் அப்படித்தான் நடந்தது. காகிதக் கணக்கு ஜூலை 3, செப்டம்பர் 7 என்றெல்லாம் சொல்லிக் கொண்டிருந்தது. ஜூலையில் மழை கொட்டியது. துள்சி நிரம்பியது. விஹார் நிரம்பியது. ஜூலை 29-ந்தேதி வெட்டு நீங்கியது. கணக்கு தவறிவிட்டதா? இல்லை. மழை வராவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் அது சொன்னது. மழை பிந்தியிருந்தால் அந்தக் கணக்குத்தான் நகரத்தைக் காப்பாற்றியிருக்கும்.

விஹார் நிரம்பினால் வழியும் நீர் மித்தி ஆற்றில் விழும். மித்தி தாராவி ஓரமாக வந்து மாஹிம் கழிமுகத்தில் கடலில் கலக்கும். மே மாதம் ஒரு குடத்துக்குக் காத்து நின்ற மாஹிம்வாசி, ஜூலையில் பாலத்தின் மேல் நின்று அந்த வெள்ளம் கடலுக்குப் போவதைப் பார்ப்பார். அடுத்த மே மாதத்துக்கான கணக்கைத் தொடங்க வேண்டிய நாளும் அதுதான்.